ஷெட்டில் நிற்கும் காருக்கு வீட்டு வைஃபை எட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர், நண்பர் வீடுகளில் ரவுட்டர் தகராறு என்றால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். இணையத்தோடு பேசும் கார்கள் பெருகிய பிறகு அந்த அழைப்புகளில் பாதி ஷெட்டிலிருந்து வரத் தொடங்கின. கேட்டவர் வேறு வேறாக இருந்தாலும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்ததால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, பதில்களோடு ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்துகொண்டதாகவே வைத்து எழுதப்பட்டவை என்பதால், எண்களைக் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

1. காருக்குள்தான் சிம் இருக்கிறதே, அதற்கு வீட்டு வைஃபை எதற்கு?

காரில் உள்ள சிம் வழியாகச் செல்வது பெரும்பாலும் சிறிய தகவல்கள்தான்: கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, போக்குவரத்து நெரிசல் எங்கே என்பன போன்றவை. மென்பொருள் அப்டேட்டும் வரைபட அப்டேட்டும் சில நூறு மெகாபைட்டிலிருந்து பல கிகாபைட் வரை போகக்கூடியவை. அவற்றை மொபைல் டேட்டாவில் அனுப்பும் செலவைத் தவிர்ப்பதற்காகப் பல தயாரிப்பாளர்கள் அந்தச் சுமையை வைஃபைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். 2012இல் வெளிவந்த மாடல் எஸ் காலத்திலிருந்தே காற்றுவழி அப்டேட் அனுப்பிவரும் டெஸ்லாவும், பெரிய அப்டேட்டுகளுக்கு வைஃபையில் இணைக்கும்படிதான் அறிவுறுத்துகிறது.

அதற்காகப் பெரிய வேகம் எதுவும் வேண்டியதில்லை. வினாடிக்கு 10 மெகாபிட் தடையில்லாமல் கிடைத்தாலே 4 கிகாபைட் கோப்பு ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் நாம் தேடுவது அறுந்துபோகாத இணைப்பை, அதிவேகத்தை அன்று.

2. "இந்தக் காரில் வைஃபை உண்டு" என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டு வைஃபையைச் சேர்க்கும் இடத்தைத்தான் காணோம்.

காரில் 'வைஃபை' என்ற ஒரே சொல் மூன்று வேறு வசதிகளைக் குறிக்கிறது. முதலாவது, கார் தன் சிம்மின் இணையத்தைப் பயணிகளின் கைபேசிகளுக்குப் பகிரும் ஹாட்ஸ்பாட். இரண்டாவது, வயரில்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ இயங்குவதற்காகக் கைபேசிக்கும் காரின் திரைக்கும் இடையே ஏற்படும் தனி வைஃபை இணைப்பு. மூன்றாவதுதான் நாம் பேசுவது: கைபேசியைப் போலவே காரும் வீட்டு ரவுட்டரில் போய்ச் சேர்வது.

முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத கார்கள் உண்டு. அமைப்புகளில் அருகிலுள்ள நெட்வொர்க்குகளின் பெயர்ப் பட்டியலைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்து கடவுச்சொல் கேட்கும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கீழே சொல்லியிருக்கும் எதுவும் உங்கள் காருக்கு உதவாது. காசைச் செலவழிக்கும் முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3. வீட்டில் மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் நன்றாக வருகிறது. பத்தடி தள்ளி நிற்கும் காரில் மட்டும் ஏன் ஒற்றைக் கோடு?

தூரத்தைவிடத் தடைகளே இங்கே பெரிய காரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், அதாவது நான்கில் ஒரு பங்காகும். ஒரு கான்கிரீட் சுவரோ அதைவிட அதிகமாகவே விழுங்கிவிடும். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் மோசம். மரப் பலகையும் ஜிப்சம் பலகையும் பெரிய தொல்லை தருவதில்லை. உலோகம்தான் உண்மையான எதிரி. இரும்பு ஷட்டர், தகரக் கூரை, வெப்பம் தடுக்க ஒட்டப்பட்ட அலுமினியப் படலம் ஆகியவை அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

இத்தனையையும் கடந்து வந்த அலைக்குக் காரே இன்னொரு பெட்டி. உடல் முழுவதும் உலோகம். அலை நுழையக்கூடிய வழி கண்ணாடிகள்தான். வீட்டு வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் என்பதால் சன்னல் அளவு திறப்பில் அது தாராளமாக நுழைந்துவிடும். ஆனால் வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்திருந்தால் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. ஆண்டெனாவைத் தயாரிப்பாளர் கூரையிலோ பக்கக் கண்ணாடியிலோ வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு. டேஷ்போர்டுக்குள் திரையோடு சேர்த்துப் புதைத்திருந்தால் முழுத் தொல்லையும் உண்டு. ஆக, வீட்டுச் சுவர், ஷெட்டின் சுவர், காரின் உடல் என்று மூன்று அரண்களைத் தாண்டிய மிச்சத்தைத்தான் அந்த ஒற்றைக் கோடு காட்டுகிறது.

4. அதே இடத்தில் என் கைபேசி மூன்று கோடு காட்டுகிறது, கார் ஒன்று காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றியபடி வரைகிறார்கள். டிபிஎம் என்ற அலகில் வரும் எண்ணே அளவு. அது எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50 மிக நன்று, -67 வரை எல்லா வேலைக்கும் போதும், -75 என்பது தள்ளாட்டம், -80க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். இந்த அளவில் 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு உண்மையில் பெரிது.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கான இலவச வைஃபை அளவுச் செயலிகள் இந்த எண்ணைக் காட்டும். காரை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, ஷட்டரையும் கார்க் கதவுகளையும் மூடிக்கொண்டு, ஆண்டெனா இருக்கும் இடத்துக்கு அருகே கைபேசியைப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்து, எண்ணை எழுதிவையுங்கள். பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் கருவி வாங்கியவர்களே என்னிடம் இரண்டாவது முறையும் வருகிறவர்கள்.

5. ஷட்டரைத் திறந்தால் சிக்னல் வருகிறது, இறக்கினால் போய்விடுகிறது. ராத்திரி முழுக்கத் திறந்தா வைக்க முடியும்?

வேண்டியதில்லை, ஆனால் அது ஒரு நல்ல தடயம். சிக்னல் வீட்டுச் சுவர் வழியாக ஷெட்டுக்குள் வரவில்லை, வீட்டுச் சன்னல் வழியாக வெளியேறி, வாசல் பக்கம் சுற்றி, திறந்த ஷட்டர் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது என்பதையே இது சொல்கிறது. ரவுட்டரை இரண்டடி நகர்த்துவதால் இது தீராது. ஷெட்டுக்குள்ளேயே ஒரு வைஃபை மூலம் இருந்தாக வேண்டும். 12ஆம் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

6. காசு செலவழிக்காமல் முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

ரவுட்டரின் இடத்தைப் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், மீன்தொட்டிக்கு அருகிலும், தரையிலும் ரவுட்டரை வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். ஷெட்டை ஒட்டிய அறையில், தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். குச்சி ஆண்டெனா நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். அதன் நுனி சுட்டும் திசையில் மிகக் குறைவாகவே போகும். ஆகவே ஷெட் கீழ்த்தளத்திலும் ரவுட்டர் மாடியிலும் இருந்தால் ஒரு ஆண்டெனாவைப் படுக்கவைத்துப் பாருங்கள். ரவுட்டரில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புவதுண்டு.

காரையும் மறக்க வேண்டாம். ஆண்டெனா எந்தப் பக்கம் என்று கையேட்டில் பார்த்து, அந்தப் பக்கம் வீட்டுச் சுவரை நோக்கியிருக்குமாறு, வழக்கமாக முன்னால் ஓட்டி நுழைகிறவர்கள் ஒரு நாள் பின்னால் எடுத்து நிறுத்திப் பார்க்கலாம். சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளிகள் ஷெட்டுக்குள் ஆங்காங்கே இருக்கும்; காரை ஓர் அடி முன்பின் நகர்த்தியதிலேயே பிரச்சினை தீர்ந்த வீடும் உண்டு.

7. 2.4 நல்லதா, 5 நல்லதா? எல்லாரும் 5தான் வேகம் என்கிறார்களே.

வேகம் 5 கிகாஹெர்ட்ஸில்தான், ஊடுருவல் 2.4இல்தான். சுவருக்கு அப்பாலுள்ள காருக்கு ஏறக்குறைய எப்போதும் 2.4ஐயே பரிந்துரைப்பேன். 1ஆம் பதிலில் சொன்னதுபோல் நமக்கு வேகம் பெரிதில்லை. மேலும் சில கார்களின் வைஃபை 2.4ஐ மட்டுமே அறியும். ஷெட்டுக்குள்ளேயே ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைந்து, தான் இருக்கும் இடத்தில் வைஃபை தரும் பெட்டி) வைத்த பிறகு கார் 5ஐ ஏற்குமானால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

8. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறேன். காரே நல்லதைத் தேர்ந்துகொள்ளாதா?

தேர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் தேர்வு அடிக்கடி தவறாகிவிடுகிறது. ஷெட்டுக்குள் நுழையும்போது வாசல் பக்கம் கிடைத்த 5ஐப் பிடித்துக்கொண்டு, ஷட்டர் இறங்கிய பிறகும் அதையே விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கார்களைக் கண்டிருக்கிறேன். சில ரவுட்டர்கள் கருவிகளைத் தாமாகவே 5க்குத் தள்ளிவிடும் வசதியையும் வைத்திருக்கின்றன. 2.4க்கு வேறு பெயர் கொடுத்துக் காரை அதில் மட்டும் சேர்த்து, பழைய பெயரைக் காரின் நினைவிலிருந்து நீக்கிவிடுவதே எளிய வழி.

அதே அமர்வில் இன்னும் இரண்டு அமைப்புகளைச் சரிசெய்துவிடுங்கள். சேனல் (அலைவரிசைக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் தடம்) 'தானியங்கி' என்று இருந்தால் 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை நிலையாகக் கொடுங்கள்; இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. 12, 13 ஆகிய சேனல்கள் சில நாடுகளில் வழக்கத்தில் இல்லாததால், அந்தச் சந்தைகளுக்காகச் செய்த கார் அவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்குக் குறையுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் இரைச்சலைத் தாங்கும் திறன் கூடும்.

9. ரவுட்டரின் சக்தியை உச்சத்தில் வைத்துவிட்டேன், இன்னும் வேலை செய்யவில்லை. அதைவிடச் சக்திவாய்ந்த ரவுட்டர் வாங்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வைஃபை வானொலி போன்றதன்று. ரவுட்டர் பேசக் கார் கேட்டுக்கொண்டிருப்பதோடு காரியம் முடிவதில்லை. வந்து சேர்ந்த ஒவ்வொரு தொகுப்புக்கும் "கிடைத்தது" என்று கார் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் ரவுட்டரை எட்டாவிட்டால் ரவுட்டர் அதே தொகுப்பை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். ரவுட்டரின் சக்தியைக் கூட்டுவது என்பது ஒரு பக்கத்தின் குரலை மட்டும் உயர்த்துவது. காருக்குள் இருக்கும் சிறிய ஆண்டெனாவின் முணுமுணுப்பு அதனால் ஒரு துளியும் உயராது. திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் அப்டேட் இறங்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், ஏனென்றால் கோடுகள் கார் கேட்பதை மட்டுமே காட்டுகின்றன, ரவுட்டர் கேட்பதை அல்ல.

ஆண்டெனாவின் கதை வேறு. திசைநோக்கிய நல்ல ஆண்டெனா அனுப்பும்போது எவ்வளவு உதவுகிறதோ, கேட்கும்போதும் அவ்வளவே உதவும். ஆகவே கழற்றி மாற்றக்கூடிய ஆண்டெனா உள்ள ரவுட்டர் என்றால் அதில் செலவழிப்பதற்குப் பொருள் உண்டு. ஆனாலும் எந்த ஆண்டெனாவையும்விட, காருக்கு நாலடி தூரத்தில் வைத்த சாதாரண ஆக்சஸ் பாயிண்ட் நன்றாகக் கேட்கும். அதனால்தான் என் பதில்கள் எல்லாம் கடைசியில் கேபிளில் போய் முடிகின்றன.

10. எக்ஸ்டெண்டர் வாங்கி ஷெட்டிலேயே மாட்டினேன். கோடு முழுதாக இருக்கிறது, எதுவும் இறங்கவில்லை.

எக்ஸ்டெண்டர் தனக்குக் கிடைப்பதைத்தான் திருப்பிக் கொடுக்கும். ஷெட்டில் ஏற்கெனவே -80 என்றால், அந்த நைந்த சிக்னலை வாங்கிப் புதுமெருகோடு காருக்குக் கொடுக்கிறது. காருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள இணைப்பு மட்டும்தான் நன்றாக இருக்கிறது. ரவுட்டருக்கும் ஷெட்டுக்கும் நடுவில், கைபேசியில் -65 அளவு கிடைக்கும் இடத்தில் மாட்டிப் பாருங்கள். ஷெட்டை ஒட்டிய அறையின் சன்னலருகே அத்தகைய இடம் பெரும்பாலும் அமையும்.

ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனென்றால் கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. காரின் தேவைக்கு அந்தப் பாதியும் போதும் என்பதால் இதை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை.

11. அப்படியானால் மெஷ் போட்டால் தீர்ந்துவிடுமா?

மெஷ் என்பது பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இயங்கும் ஏற்பாடு. வயரில்லாமல் பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகளுக்கும் 10இல் சொன்ன விதியே பொருந்தும்: பெட்டி நிற்கும் இடத்தில் நல்ல சிக்னல் இருந்தால்தான் அதிலிருந்து நல்ல சிக்னல் வரும். வீடு முழுவதற்கும் மெஷ் தேவைப்பட்டு, அதில் ஒரு பெட்டி ஷெட்டுக்கு அருகே வருகிறதென்றால் நல்லது. காருக்காக மட்டும் மெஷ் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசிப் பெட்டியைக் கேபிள் வழியாக இணைத்துவிட்டால் அதுவே ஆக்சஸ் பாயிண்ட்டாகிவிடும். 'வேகமான கைமாற்றம்' என்ற பெயரில் வரும் 802.11ஆர் வசதி சில பழைய கருவிகளைக் குழப்புவதுண்டு; மெஷ் போட்ட பின் கார் சேர மறுத்தால் அதை அணைத்துப் பாருங்கள்.

12. கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது என்று முடிவுசெய்துவிட்டேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை வினாடிக்கு 1 கிகாபிட்டைத் தாங்கும். கேட் 6 எடுத்தால் நல்லதுதான், கட்டாயமில்லை. ஆனால் முழுச் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள்கள் சந்தையில் நிறைய உண்டு. அவை எளிதில் ஒடியும், மின்சாரம் அனுப்பினால் சூடாகும். மின்சாரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது: பிஓஇ வசதியுள்ள ஆக்சஸ் பாயிண்ட்டுக்குத் தனி மின் இணைப்பு தேவையில்லை, ஈத்தர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் போய்விடும். அதன் அடிப்படைத் தரமான 802.3ஏஎஃப், அனுப்பும் முனையில் 15.4 வாட் வரை கொடுக்கிறது. சாதாரண ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு அது போதும். வீட்டு மின்கம்பி செல்லும் அதே குழாய்க்குள் இந்தக் கேபிளை நுழைக்காதீர்கள். பாதுகாப்புக்காகவும் இரைச்சலைத் தவிர்க்கவும் தனிக் குழாய் வேண்டும். வெளிச்சுவரில் ஓடும் பகுதிக்கு வெயிலைத் தாங்கும் வெளிப்புற உறை கொண்ட கேபிளை வாங்குங்கள்.

ஆக்சஸ் பாயிண்ட்டைக் காரின் கூரைக்குச் சற்று மேலே, ஆண்டெனா இருக்கும் பக்கத்துச் சுவரில் பொருத்துங்கள். தகரக் கூரைமீது நேராக ஒட்ட வேண்டாம். வீட்டுக்குள் வைப்பதற்கான கருவிகள் பலவற்றுக்கு 40 டிகிரி செல்சியஸ்தான் மேல்வரம்பு. தகரக் கூரை போட்ட ஷெட் அதை எளிதில் தாண்டும். அத்தகைய இடத்துக்கு வெளிப்புறக் கருவியே ஏற்றது.

புதிதாக வாங்காமல், மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றியும் பயன்படுத்தலாம். அந்த நிலை அதில் இல்லையென்றால், கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்து, முதன்மை ரவுட்டரோடு மோதாத முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை லேன் துளையில் செருகினால் போதும். இணையத்துக்கான துளையில் செருகினால் நெட்வொர்க்குக்குள் இன்னொரு நெட்வொர்க் உருவாகிவிடும். காருக்கு அதனால் பாதகம் இல்லாவிட்டாலும் பின்னாளில் உங்களுக்குத் தலைவலி.

13. சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் அனுமதிக்கமாட்டார். கேபிளுக்கு மாற்று இருக்கிறதா?

இருக்கிறது. பவர்லைன் அடாப்டர்கள் வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்புகின்றன. ரவுட்டர் பக்கத்துப் பிளக்கும் ஷெட்டின் பிளக்கும் ஒரே மீட்டரின்கீழ், ஒரே பேஸில் இருந்தால் நன்றாக ஓடும்; இல்லையென்றால் தள்ளாடும். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும், மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் பாதுகாப்பு (சர்ஜ் புரொடெக்டர்) வைத்த நீட்டிப்புப் பலகையில் செருகினால் சிக்னலை அது வடிகட்டிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தில் ஒரு சிறு பங்கே கையில் கிடைக்கும் என்றாலும் காருக்கு அது தாராளம். காரை சார்ஜ் செய்யும் நேரத்தில் வேகம் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள், சார்ஜர்கள் மின்கம்பியில் இரைச்சலைச் சேர்ப்பதுண்டு. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் போட்டுப் பார்க்காமல் இதன் பலனைச் சொல்ல முடியாது.

ஷெட்டுக்குப் பழைய கேபிள் டிவி வயர் போயிருந்தால், மோகா அடாப்டர் இரண்டை வைத்து அதையே ஈத்தர்நெட் போல் பயன்படுத்தலாம். பவர்லைனைவிட இது நம்பகமானது. ஆனால் டிஷ் ஆண்டெனாவின் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும் வயரில் இதைப் போடக்கூடாது, இரண்டின் அலைவரிசைகளும் மோதிக்கொள்ளும்.

14. ஷெட் வீட்டை ஒட்டி இல்லை, தோட்டத்தின் கடைசியில் தனிக் கட்டடமாக இருக்கிறது.

இரு கட்டடங்களுக்கும் இடையே செம்புக் கேபிள் இழுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டின் நில இணைப்புக்கும் மின்னழுத்த வேறுபாடு இருக்கலாம். அருகில் இடி விழுந்தால் அந்தக் கேபிள் வழியாக இரு முனைக் கருவிகளும் கருகலாம். அதனால் மண்ணுக்கடியில் ஃபைபர் கேபிள் போட்டு இரு முனையிலும் ஃபைபரை ஈத்தர்நெட்டாக மாற்றும் பெட்டி வைப்பதே சரி. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது.

குழி தோண்ட மனமில்லை என்றால், வீட்டுச் சுவரிலும் ஷெட்டின் வெளிச்சுவரிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வயர்லெஸ் பிரிட்ஜ் கருவிகளைப் பொருத்தி, ஷெட்டுப் பக்கக் கருவியிலிருந்து உள்ளே ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டுக்குக் கேபிள் கொடுக்கலாம். நடுவில் மரக்கிளை குறுக்கிடாமல் நேர்ப்பார்வை இருக்க வேண்டும். இலை துளிர்க்கும் பருவத்தில் சிக்னல் குறைந்தால் வியப்படைய வேண்டாம்.

15. சிக்னல் -55 இருக்கிறது. கடவுச்சொல்லும் சரி. ஆனாலும் கார் சேரவே மாட்டேன் என்கிறது.

இது தூரத்தின் பிரச்சினை அல்ல, மொழியின் பிரச்சினை. முதலில் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 அறிமுகமானது 2018இல். அதற்கு முன் வடிவமைத்த காருக்கு 2004இல் வந்த டபிள்யூபிஏ2 மட்டுமே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ரவுட்டரில் 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தால் '2, 3 இரண்டும்' என்ற கலப்பு நிலைக்கு மாற்றுங்கள். அதற்கும் மசியாத கார் என்றால் காருக்கான தனிப் பெயரில் டபிள்யூபிஏ2 மட்டும் வையுங்கள். மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு, அதாவது பிஎம்எஃப், 'கட்டாயம்' என்றிருந்தால் 'விருப்பம்' ஆக்குங்கள்.

அடுத்து, பெயரை மறைத்து வைத்திருந்தால் வெளிக்காட்டுங்கள். பெயரிலும் கடவுச்சொல்லிலும் விசித்திரக் குறியீடுகளைத் தவிர்த்து, எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து, நீளமாக வைத்துப் பாருங்கள். காரின் விசைப்பலகையில் சில குறிகள் இருப்பதே இல்லை. அனுமதித்த கருவிகள் மட்டும் சேரலாம் என்று ரவுட்டரில் பட்டியல் வைத்திருந்தால் காரின் வைஃபை முகவரியை (மேக் முகவரி) அதில் சேர்க்க வேண்டும். சேர்ந்த பின் உலாவியில் பக்கம் திறந்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தச் சொல்லும் விருந்தினர் நெட்வொர்க்கில் பல கார்களால் நுழைய முடியாது.

16. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இரவு முழுக்க நின்றும் காலையில் அப்டேட் இறங்கியிருக்கவில்லை.

கார் தூங்கியிருக்கும். பூட்டிவிட்டுப் போன சிறிது நேரத்தில் பேட்டரியைக் காப்பதற்காகக் கார் தன் வைஃபையை அணைத்துவிடுவது இயல்பு. மின்சாரக் கார்களைப் பெரும்பாலும் கைபேசிச் செயலியால் எழுப்பலாம். சார்ஜ் ஏறும்போது விழித்திருக்கும் கார்களும் உண்டு. இறக்குவதும் நிறுவுவதும் வேறு வேறு படிகள் என்பதையும் கவனியுங்கள்: கோப்பு எப்போதோ இறங்கி, நிறுவ உங்கள் ஒப்புதலுக்காகத் திரை காத்திருக்கலாம்.

எரிபொருள் கார்களில் பலவற்றில் சாவி 'ஆன்' நிலையில் இருந்தால்தான் வைஃபை இயங்கும். அதற்காக மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும், இதில் விளையாட்டே கூடாது. இன்ஜின் இல்லாமல் நெடுநேரம் 'ஆன்' நிலையில் விட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், பெரிய அப்டேட்டுக்குப் பேட்டரி பராமரிப்புச் சார்ஜரைப் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காரை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி முடித்துக்கொள்ளுங்கள்.

17. ஷெட்டில் ஆக்சஸ் பாயிண்ட் வைத்த பிறகு ஒரு புதுத் தொல்லை: வண்டியைக் கிளப்பித் தெருமுனை போகும்வரை கைபேசியில் வரைபடம் வருவதில்லை.

இது நீங்கள் பெற்ற வெற்றியின் விலை. முன்பு ஷெட்டை எட்டியதும் வைஃபையை விட்டுவிட்ட கைபேசி, இப்போது தெருவரை நீளும் நைந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு மொபைல் டேட்டாவுக்கு மாற மறுக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட்டின் ஒலிபரப்புச் சக்தியைக் குறையுங்கள். காருக்கும் அதற்கும் நாலடிதான் தூரம். 9இல் சொன்னபடி இங்கே உரக்கப் பேச வேண்டிய தேவையே இல்லை. சக்தி குறைந்தால் ஷெட்டைத் தாண்டியதும் சிக்னல் சட்டென விழும், கைபேசியும் சட்டென மாறும். காருக்கென்று தனிப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கைபேசியில் சேர்க்காமலே விட்டுவிடுவது இன்னும் எளிது.

18. காரை வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பது பாதுகாப்புதானா?

15இல் சொன்ன ஒப்புதல் பக்கம் கேட்காத விருந்தினர் நெட்வொர்க்கில் சேருங்கள் என்பேன். காருக்குத் தேவை இணையம் மட்டுமே. உங்கள் கணினியையும் அச்சுப்பொறியையும் அது பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கடவுச்சொல் காரில் பதிந்திருக்கும் என்பதால், காரை விற்கும்போது அதன் நினைவகத்தை அழித்துவிட்டு ஒப்படையுங்கள். சுவரில் மாட்டிய சார்ஜரும் வைஃபை கேட்டால் அதையும் இதே நெட்வொர்க்கில் சேர்க்கலாம். ஆனால் சில சார்ஜர்களின் செயலி, கைபேசியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் பேசும்.

19. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கடியில் நிறுத்துகிறேன். வீடு ஏழாவது மாடியில்.

இத்தனை கான்கிரீட் தளங்களைக் கடக்கும் வீட்டு வைஃபை எதுவும் கிடையாது; கருவி வாங்கி ஏமாற வேண்டாம். சங்கம் ஒப்புக்கொண்டால் கீழே பொது இணைப்பு ஒன்றைக் கொண்டுவரலாம். இல்லையென்றால் அப்டேட் வரும் நாளில் மொபைல் சிக்னல் நன்றாக இருக்கும் திறந்த இடத்தில் காரை நிறுத்தி, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து முடித்துவிடுங்கள். கார் 2.4ஐ மட்டுமே அறிந்ததென்றால் ஹாட்ஸ்பாட்டையும் 2.4க்கு மாற்ற வேண்டும். ஐஃபோன் 12 முதலானவற்றில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள 'இணக்கத்தை அதிகப்படுத்து' என்ற தேர்வு அதைத்தான் செய்கிறது. இறங்கி முடியும்வரை கைபேசி காருக்குள்ளேயே இருக்கட்டும்.

20. ஆக்சஸ் பாயிண்ட் காருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, -50 காட்டுகிறது. இருந்தும் கைபேசியில் வரும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் காரில் வரவில்லையே?

கார் அவ்வளவுதான் தாங்கும். ஒரே ஆண்டெனாவோடு 802.11என் தரத்தில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் வைஃபையின் உச்ச இணைப்பு வேகமே வினாடிக்கு 72 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பாதி. போதாததற்கு, அனுப்பும் முனையில் தயாரிப்பாளரின் சர்வர் எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பதும் நம் கையில் இல்லை. அதே இருக்கையில் கைபேசி வேகமாக இயங்குகிறதென்றால் உங்கள் பக்கத்து வேலை முடிந்துவிட்டது. ஏணியை மடித்து வைத்துவிடலாம்.